மேடை மகன் காதில் அப்பா சொன்னது

கண்ணாடியே இல்லாத ஒரு மூக்குக்கண்ணாடியை அப்பா இப்போது நாள் முழுவதும் போட்டுக்கொண்டிருக்கிறார். சென்ற ஆண்டு இரண்டு கண்ணிலும் புரை நீக்கி, உள்ளேயே லென்ஸ் வைத்துவிட்டார்கள். தூரத்தில் இருப்பதெல்லாம் பளிச்சென்று தெரிகிறது. எங்கள் அடையாறு வீட்டுப் பால்கனியில் நின்றபடியே, எதிர்க் குடியிருப்பின் மொட்டை மாடியில் காயும் புடவைக்குக் கரை என்ன நிறம் என்று சொல்கிறார். ஆனால் சின்ன வயதிலிருந்து கண்ணாடி போட்டுப் பழகிய முகம் வெறிச்சென்று இருக்கிறதாம். சட்டை போடாமல் கடைத்தெருவுக்குப் போவதுபோல் கூச்சமாக இருக்கிறதாம். அதனால் பீரோவின் மேல்தட்டில் கிடந்த தன் நாடகப் பிரேமைத் தேடி எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டுவிட்டார். தடித்த கறுப்புப் பிரேம். மேடை விளக்கு பட்டுப் பளபளத்தால் நடிகரின் கண் தெரியாது என்பதற்காக அந்தக் காலத்திலேயே கண்ணாடியைக் கழற்றிவிட்டது. போன வாரம் கூரியர்காரருக்குக் கையெழுத்துப் போடும்போது அப்பாவுக்குக் கண் அரித்தது. பிரேமுக்குள் விரலை விட்டுச் சாவகாசமாகத் தேய்த்துக்கொண்டார். கூரியர்காரர் பேனாவைத் திரும்ப வாங்க மறந்து போய்விட்டார்.

வீட்டில் எல்லோருக்கும் இது வேடிக்கை. "ஏங்க, அதுல கண்ணாடியும் இல்ல, உங்க கண்ணுல கோளாறும் இல்ல, எதுக்குங்க அது?" என்று அம்மா தினம் ஒரு முறையாவது கேட்டுவிடுகிறாள். எனக்கு மட்டும் சிரிப்பு வருவதில்லை. அந்தப் பிரேமைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரிகிறது. தரமணியில் உத்தியோகம், எனக்குக் கீழே வேலை செய்ய ஆட்கள், காதோரம் நரை எல்லாம் வந்த பிறகும் எரிகிறது. அப்பா அந்தப் பிரேமைப் போட்டுக்கொண்டுதான் வருடக்கணக்கில் வேறொருவனைத் தன் மகன் என்று பார்த்தார். நான் பக்கவாட்டு வரிசையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது நாங்கள் மயிலாப்பூரில் தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். அப்பாவுக்கு அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளர் வேலை. கோப்பில் எழுதுகிற மாதிரியேதான் வீட்டிலும் பேசுவார். "ஆகட்டும்", "பார்க்கலாம்", "அம்மாகிட்ட கேளு". இவற்றைத் தாண்டி என்மேல் அவர் செலவழித்த வார்த்தைகள் குறைவு. கல்லூரியில் இடம் கிடைத்தது என்று போய்ச் சொன்னபோது "ஆகட்டும்" என்றார். வேலை கிடைத்தது என்று சொன்னபோதும் "ஆகட்டும்" என்றார். அடித்ததில்லை, திட்டியதில்லை, குடித்ததில்லை. குறை சொல்ல இடமே வைக்காத மனிதரிடம் எதைப் போய்க் கேட்பது? ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஒட்டு மீசையும் அந்தப் பிரேமுமாக மேடை ஏறிவிட்டால் ஆளே வேறு. அலுவலக நண்பர்கள் சேர்ந்து நடத்திய நாடகக் குழு அது. மயிலாப்பூர், தி.நகர், அடையாறு என்று சபா சபாவாகப் போய் நடத்துவார்கள். அவர்தான் அதில் எப்போதும் குடும்பத் தலைவர்.

அவர்களுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த நாடகத்தில் அப்பா ஒரு தலைமை ஆசிரியர். ஊரே கும்பிடுகிற நேர்மையாளர். மகனுக்கு அவர்தான் தெய்வம். ஒரு நாள் அவனுக்கு உண்மை தெரிந்துபோகிறது. எப்போதோ தன் வேலையைக் காப்பாற்றிக்கொள்வதற்காக, தப்பே செய்யாத ஒரு பியூனைத் திருடன் என்று காட்டிக்கொடுத்தவர் அவர். "உங்களைப் பார்த்துத்தானே நான் நிமிர்ந்து நின்னேன்!" என்று கத்திவிட்டு மகன் வீட்டை விட்டுப் போகிறான். கடைசிக் காட்சியில் திரும்பி வருகிறான். அப்பா அவன் எதிரே நின்று, "ஊர் என்னை மன்னிக்க வேண்டாம் கண்ணா, நீ ஒருத்தன் மன்னிச்சாப் போதும். உன் கண்ணுல நான் விழுந்துட்டேன். அங்கேருந்து என்னைத் தூக்கி விடு" என்பார். சொல்லும்போது குரல் லேசாக உடையும். சபா முழுக்க மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்கும். நாடகத்து மகனுக்குத் தன் தகப்பன்மேல் இருந்த ஏமாற்றம் அந்த வசனத்தோடு தீர்ந்துபோகும். எனக்கு என் தகப்பன்மேல் ஏமாற்றம் அந்த வசனத்தில்தான் ஆரம்பிக்கும். இப்படியெல்லாம் பேசத் தெரிந்தவர்தானே, வீட்டில் மட்டும் ஏன் "ஆகட்டும்"? என்னை அவர் கண்ணா என்று கூப்பிட்டதே இல்லை. எப்போதும் டேய்தான்.

அந்த வசனத்தை எங்கள் கூடத்தில்தான் ஒத்திகை பார்ப்பார். அவர் உட்காரும் நாற்காலிக்கு வலது பக்கம் பிரிட்ஜ் இருந்தது. பிளக் பாயின்ட் அந்தப் பக்கம்தான் இருந்ததால் அதை வேறு எங்கும் வைக்க முடியாது. அந்தப் பிரிட்ஜ்தான் மகன். அலுவலகத்திலிருந்து வந்து காப்பி குடித்த கையோடு எழுந்து நின்று, வலது பக்கம் திரும்பி, பிரிட்ஜைப் பார்த்துக் கண் கலங்குவார். அதன் தலையில் கை வைப்பார். "பாத்துங்க, கதவு தொறந்துக்கும், பால் இருக்கு" என்று சமையல் உள்ளிலிருந்து அம்மா குரல் கொடுப்பாள். கல்லூரிப் பாடத்தைப் படிக்கிற சாக்கில் ஓரத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு, கேட்டுக் கேட்டே இரண்டு பேர் வசனமும் மனப்பாடமாகிவிட்டது.

ஒரு நாள் மனதைத் திடப்படுத்திக்கொண்டு, "மகன் நிக்கிற எடத்துல நான் நிக்கட்டுமாப்பா? எனக்கு வசனம் தெரியும்" என்று கேட்டேன். அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ வேண்டாம். உன்னைப் பார்த்தா எனக்கு வசனம் வராது" என்று சொல்லிவிட்டு மறுபடி பிரிட்ஜின் பக்கம் திரும்பிக்கொண்டார். அதில் கோபம் இல்லை, கிண்டல் இல்லை. மழை வருகிறது என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார். பெற்ற பிள்ளையைப் பார்த்தால் வராதது பிரிட்ஜைப் பார்த்தால் வருகிறது. ஒரு பிரிட்ஜைப் பார்த்துப் பொறாமைப்பட்டவன் மயிலாப்பூரிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் அதன் கதவை ஓங்கிச் சாத்துவேன்.

பிரிட்ஜையாவது பொறுத்துக்கொள்ளலாம். மேடையில் மகனாக நடித்தவனைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அவனுக்குச் சொந்த ஊர் நொச்சிக்குப்பம். என்னைவிட ஓரிரு வயது இளையவன். தி.நகரில் பெரிய துணிக்கடை ஒன்றில் புடவை பிரித்துப் போடுகிற வேலை. யாரோ அழைத்துவந்து அப்பாவிடம் சேர்த்தார்கள். மேடைக்கு வெளியே அவன் பேச்சு அச்சு அசல் குப்பத்துப் பேச்சு. மேடையில் ஏறினால் ஒரு எழுத்து பிசகாத தமிழ். நல்ல நிறம், அடர்ந்த முடி, அழ வேண்டிய இடத்தில் தானாக வரும் அழுகை. நன்றாகத்தான் நடித்தான், அதைச் சொல்லாமல் விட்டால் என் நாக்கு அழுகிவிடும். அப்பாவை அவன் 'நைனா' என்று கூப்பிடுவான். முதல் முறை கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டில் யாரும் யாரையும் அப்படிக் கூப்பிடுகிற வழக்கம் இல்லை. அப்பா முகம் சுளிப்பார் என்று பார்த்தேன். அவர், "என்னடா?" என்று திரும்பினார். எனக்குச் சொல்கிற அதே 'டா'தான். ஆனால் அது வேறு மாதிரி ஒலித்தது.

கடைசிக் காட்சியில், அந்த வசனம் முடிந்ததும் அப்பா மேடை மகனின் பிடரியில் கை வைத்துத் தன் தோளோடு சேர்த்து அணைத்துக்கொள்வார். அதற்குப் பிறகு வசனமே கிடையாது. திரை மெல்ல விழ வேண்டியதுதான். நடுவில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அப்பாவின் முதுகும் அவன் தலையும்தான் தெரியும். பக்கவாட்டு வரிசையிலிருந்து பார்க்கிற எனக்கு அப்பாவின் வாய் தெரிந்தது. அவன் காதருகே அது அசைந்தது. ஏதோ சொல்கிறார். சின்னதாக, ஒரே ஒரு சொல், அதிகம் போனால் இரண்டு. உடனே அவன் தோளில் முகம் புதைத்தபடியே இல்லை இல்லை என்று தலையாட்டுவான். அந்தத் தலையாட்டலில்தான் சபா மொத்தமும் உடைந்து அழும். அதுவரை தாக்குப்பிடித்தவர்கள்கூட அங்கே கைக்குட்டையைத் தேடுவார்கள். தகப்பன் மன்னிப்புக் கேட்பதையே தாங்க மாட்டாத பிள்ளை என்று அவர்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

நாடகத்தை முழுக்க அறிந்த எனக்குத் தெரியும், அங்கே எழுதிக் கொடுத்த சொல் ஒன்றும் இல்லை. பிரிட்ஜின் காதில் அப்பா ஒரு நாளும் ரகசியம் சொன்னதில்லை. அது அவனுக்கென்றே வைத்திருந்த சொல். ஒவ்வொரு முறையும் சொன்னார், ஒவ்வொரு முறையும் அவன் தலையாட்டினான். என்னவாக இருக்கும் என்று யோசித்து யோசித்து எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. 'என் ராசா' என்பாரோ? 'நீதான்டா என் பிள்ளை' என்பாரோ? ஒரு நாள் அடக்கமாட்டாமல், "கடைசியில அவன் காதுல என்னப்பா சொல்றீங்க?" என்று கேட்டே விட்டேன். "எப்போ?" என்றார். "கட்டிப் பிடிக்கிறப்போ." செய்தித்தாளைப் புரட்டினார். "ஒண்ணும் இல்லையே." அவர் பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

நாடகம் முடிந்ததும் கிரீன் ரூம் வாசலில் கூட்டம் கூடும். ஒரு முறை பட்டுப்புடவை கட்டிய ஒரு மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து, மேடை மகனின் கன்னத்தைத் தடவிவிட்டு அப்பாவிடம் சொன்னாள். "சொந்தப் பிள்ளையையே மேடை ஏத்திட்டேளா? அப்படியே உங்க ஜாடை! பார்த்துண்டே இருக்கலாம்போல இருக்கு." நான் பக்கத்தில் அப்பாவின் செருப்புப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். இல்லை மாமி, இதோ நிற்கிறானே இவன்தான் என் பையன் என்று அப்பா சொல்லப்போகிறார் என்று நிமிர்ந்துகூட நின்றுகொண்டேன். அப்பா சிரித்தார். "எல்லாம் உங்க ஆசீர்வாதம்" என்றார். மாமி போய்விட்டாள். அவன் என்னைப் பார்த்துக் கூச்சத்தோடு தலையைச் சொரிந்தான். அந்தக் கூச்சம்தான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

நாடக நாட்களில் கூட்டம் கலைந்ததும் நான் நேராக வீட்டுக்குப் போய்விடுவேன். அம்மாவும் நானும் அப்பா வரட்டும் என்று சாப்பிடாமல் உட்கார்ந்திருப்போம். சேர்ந்து சாப்பிடலாம், சாப்பிடும்போது நாடகத்தைப் பற்றி நான் ஏதாவது சொல்லலாம், அவர் ஏதாவது கேட்கலாம் என்று ஒரு நப்பாசை. அவர் சாவகாசமாக வருவார். "எனக்குப் பசிக்கல, நீங்க சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விடுவார். மேடையில் அவ்வளவு அழுதவருக்கு எப்படிப் பசிக்கும் என்று அம்மா சமாதானம் சொல்வாள். ஆறிப்போன குழம்பை ஊற்றிக்கொண்டு நான் சாப்பிடுவேன்.

எனக்கு வேலை கிடைத்துச் சில வருடங்கள் ஆன பிறகு அந்த வாய்ப்பு வந்தது. தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. தி.நகரில் கால் வைக்க இடமில்லாத நாள். அன்றைக்குத்தான் மயிலாப்பூர் சபா ஒன்றில் நாடகம். மேடை மகனைக் கடையிலிருந்து விடவில்லை. கெஞ்சிப் பார்த்தானாம், போனால் திரும்பி வராதே என்றார்களாம். கிரீன் ரூமில் எல்லோர் முகத்திலும் ஈயாடவில்லை. டிக்கெட் வாங்கியவர்கள் வந்து உட்காரத் தொடங்கிவிட்டார்கள். நான் போய் அப்பாவின் முன்னால் நின்றேன். "எனக்கு முழுசும் தெரியும்ப்பா" என்றேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு தன் நல்ல கண்ணாடியைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு, கண்ணாடியில்லாத பிரேமை மாட்டிக்கொண்டார். "ஆகட்டும்" என்றார்.

மறைக்க என்ன இருக்கிறது, எனக்கு நாடகத்தைப் பற்றிக் கவலையே இல்லை. அந்தக் கடைசி நிமிடம் வேண்டும். அந்தச் சொல் என் காதில் விழ வேண்டும். மீசை அரும்பிய நாளிலிருந்து காத்திருந்தவனுக்கு இன்று கிடைத்துவிடப்போகிறது. வசனம் ஒன்றைக்கூட நான் விடவில்லை. "உங்களைப் பார்த்துத்தானே நான் நிமிர்ந்து நின்னேன்!" என்று கத்தியபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது. அதை நடிப்பு என்று யாராவது நினைத்திருந்தால் அது அவர்கள் தவறு.

ஆனால் கடைசிக் காட்சியில் ஒரு பிசகு செய்தேன். வீட்டுக் கூடத்தில் நாடகம் கற்றுக்கொண்டவன் மட்டுமே செய்யக்கூடிய பிசகு. அந்தக் கால சபாக்களில் மேடைக்கு மேலிருந்து மைக் தொங்கும். நடிகர்கள் பேசிக்கொண்டே அதன் அடியில் வந்து நிற்க வேண்டும், இல்லாவிட்டால் குரல் எடுக்காது. நடு மைக் அப்பாவுக்கு இடது பக்கம் தொங்கியது. மேடை மகன் எப்போதும் அங்கேதான் வந்து நிற்பான். நான் நேராகப் போய் அப்பாவின் வலது பக்கம் நின்றேன். அங்கேதான் எங்கள் வீட்டில் பிரிட்ஜ் இருந்தது. எத்தனையோ வருடம் அந்த வசனம் போய்ச் சேர்ந்த இடம் என் மனதில் அதுதான். நான் பேசத் தொடங்கியதும் பின் வரிசையிலிருந்து, "கேக்கலை! மைக்! மைக்!" என்று குரல் வந்தது.

அப்பா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மேடைக்குக் கீழிருந்து எத்தனையோ முறை பார்த்துப் பொருமியிருக்கிறேன். மகனின் முகத்தை அங்குலம் அங்குலமாகப் பருகுகிற பார்வை. கிட்டத்தில் பார்த்தபோதுதான் தெரிந்தது, அந்தக் கண்கள் என்மேல் இல்லை. என் நெற்றிக்குச் சற்று மேலே, வெறும் காற்றில் நின்றிருந்தன. கண்ணாடி இல்லாமல் அவருக்கு எதிரே நிற்பது ஆளா தூணா என்றுகூடச் சரியாகத் தெரியாது. அப்படியானால் இத்தனை நாள் அவனையும் அவர் பார்க்கவில்லை! அந்த நிலைமையிலும் எனக்கு உள்ளுக்குள் ஒரு குதூகலம் வந்தது. "என்னைத் தூக்கி விடு" என்று அவர் குரல் உடைந்தது. என் பிடரியில் கை விழுந்தது. சூடான, பவுடர் மணக்கும் கை. தோளோடு சேர்த்து அணைத்தார். எனக்கு நினைவு தெரிந்து அப்பா என்னைக் கட்டிக்கொண்டது அதுதான் முதல் தடவை. அவர் வாய் என் காதருகே வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"இடது பக்கம் நகருடா. மைக் அங்க இருக்கு."

பேச இனி வசனமே இல்லை, மைக்குக்கு வேலையும் இல்லை. ஆனாலும் பீரோவை நகர்த்துகிற மாதிரி என்னை அணைத்தபடியே இடது பக்கம் நகர்த்திக்கொண்டு போனார். நான் தலையாட்டவில்லை. எதற்கு ஆட்டுவது? திரை விழுந்தது. கைத்தட்டல் வந்தது, யாரும் அழுததாகத் தெரியவில்லை. கிரீன் ரூமில் அப்பா மீசையைப் பிய்த்தபடி, "வசனம் விடலை. நல்லது. எடம்தான் பார்க்கணும்" என்றார். பிறகு போனை எடுத்து மேடை மகனைக் கூப்பிட்டார். "ஒண்ணும் கவலைப்படாதே. சமாளிச்சாச்சு" என்றார். நான் அங்கேயேதான் நின்றிருந்தேன். சமாளிக்கப்பட்டது நான்.

அன்று நொந்துபோனேன் என்பது உண்மைதான். ஆனால் நாள் போகப் போக அதில் எனக்கு ஒரு விதமான நிம்மதியும் கிடைத்தது. அவன் காதிலும் இதைத்தானே சொல்லியிருப்பார்? முன்னால் வா, பின்னால் போ, மைக் இங்கே இருக்கிறது. அதைத்தான் நான் அவ்வளவு வருடம் அமுதம் என்று நினைத்து ஏங்கினேன். என் அப்பா நல்ல நடிகர், அவ்வளவுதான். மேடையிலும் அவரிடம் ஒன்றும் இல்லை, வீட்டிலும் ஒன்றும் இல்லை. இல்லாததை என்னிடமிருந்து மறைத்து அவனிடம் கொடுத்துவிட்டார் என்று கோபப்பட முடியாதல்லவா? குழுவில் ஒவ்வொருவராக ஓய்ந்து நாடகமும் நின்றுபோனது. எனக்குக் கல்யாணம் ஆகி, அடையாறு வந்து, அப்பாவும் அம்மாவும் என்னோடு வந்துவிட்டார்கள். அந்த ஏமாற்றத்தை நான் பத்திரமாகவே வைத்திருந்தேன். அது இருந்தவரை பொறாமை அண்டவில்லை.

அதையும் கெடுக்க அவனே வந்தான். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கண் ஆபரேஷன் ஆன செய்தி தாமதமாகத் தெரிந்ததாகச் சொல்லிக்கொண்டு வந்து நின்றான். கையில் நொச்சிக்குப்பத்திலிருந்து வஞ்சிரம். கொஞ்சம் தொப்பை போட்டிருந்தான். அந்தத் துணிக்கடையிலேயே இப்போது மாடி முழுவதற்கும் பொறுப்பாம். "இன்னா நைனா, கண்ணாடி இல்லாத கண்ணாடிய மாட்டிகினு கீறீங்க!" என்று வாசலிலேயே சிரித்தான். அப்பா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். நான் அலுவலகத்திலிருந்து வரும்போது திரும்பிக்கூடப் பார்க்காதவர் எழுந்தேவிட்டார். "வாடா கண்ணா" என்றார். நாடகம் நின்று எவ்வளவோ வருடமாகிவிட்டது. அந்தக் 'கண்ணா' மட்டும் அவனுக்கு இன்னும் நின்றபாடில்லை.

அம்மா மீனை வறுத்துப் போட்டாள். "அவனுக்கு இன்னொரு துண்டு வை" என்று அப்பா இரண்டு தடவை சொன்னார். சாப்பிட்டு முடித்து அவன் பால்கனியில் கை துடைத்துக்கொண்டிருந்தபோது நான் பக்கத்தில் போய் நின்றேன். எல்லாம் முடிந்துபோன கதைதானே, சிரித்துக்கொண்டே கேட்கலாம் என்று தோன்றியது. "கடைசி சீன்ல அப்பா உன் காதுல என்ன சொல்வார்? மைக்கைப் பத்தித்தானே?" என்றேன்.

"மைக்கா?" என்று விழித்தான். பிறகு சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது அவனுக்கு. "அத்த ஏன் பிரதர் கேக்குற! சனம் இன்னா நெனச்சிகினு அழுதுதோ! அந்த நாள்ல கடைல மத்தியானம் சோறு துன்ன வுடமாட்டானுங்க. பர்மிசன் போட்டுட்டு பஸ் புட்ச்சு ஓடியாந்தா மேக்கப் போடவே டைம் பத்தாது. நைனாவுக்கு அது தெரியும். கட்டிப் புட்ச்சிகினு நிக்கும்போது காதுல கேப்பாரு, 'சாப்ட்டியாடா?'ன்னு. நானு இல்ல நைனான்னு தலய ஆட்டுவேன். அவ்ளோதான். கர்ட்டன் வுழுந்ததும் கேன்டீனுக்கு இஸ்துகினு போயி, அவரும் கூடவே குந்திகினு ரெண்டு பேரும் துன்னுவோம். ஒரு நாள் கூட வுட்டதில்ல பிரதர்."

நானும் சிரித்தேன். சிரித்துத்தான் ஆக வேண்டியிருந்தது. 'என் ராசா' என்று சொல்லியிருந்தால் பரவாயில்லை, அது நாடகம் என்று தள்ளிவிடலாம். சாப்ட்டியாடா என்பதை எப்படித் தள்ளுவது? ஆயிரம் பேருக்கு எதிரே, விளக்கு வெளிச்சத்தில், மேடையில் நின்றுகொண்டு என் அப்பா நடிக்காமல் பேசிய ஒரே சொல் அதுதான். அதை அவனிடம் பேசிவிட்டார். அவர் பசிக்கவில்லை என்று படுக்கப் போன நாளெல்லாம் அவனோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறார். அதே நேரத்தில் தெப்பக்குளத்துக்குப் பின்னால் நானும்தான் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். அவன் பசி அவருக்குக் கூட்டத்தின் நடுவில் தெரிந்தது. என்னுடையதைக் கேட்க அம்மா இருக்கிறாள் என்று விட்டுவிட்டார் போலிருக்கிறது.

மறுநாள் அலுவலகத்தில் நான் மதியம் சாப்பிடவில்லை. வேலை அதிகம் என்று உங்களிடம் சொல்லலாம். இல்லை, வேண்டுமென்றேதான். டப்பாவைத் திறக்காமல் அப்படியே பையில் போட்டுக்கொண்டு தரமணியிலிருந்து வீட்டுக்கு வந்தேன். அப்பா கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். அதே நாற்காலி, அதே பிரேம். நான் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே போய் அவர் எதிரில் நின்றேன். இன்றைக்கு அவருக்குக் கண்ணில் ஒரு குறையும் இல்லை. என் முகத்தில் இருப்பது எதுவும் அவருக்குத் தப்ப முடியாது. கொஞ்ச நேரம் காத்திருந்தேன். பிறகு நானே சொன்னேன்.

"அப்பா, நான் இன்னும் சாப்பிடலை."

அவர் தலையைத் தூக்கினார். வெறும் பிரேமுக்குள்ளிருந்து அந்தக் கண்கள் என்னை நேராகப் பார்த்தன. நெற்றிக்கு மேலே காற்றில் இல்லை, என்னைத்தான். நன்றாகவே பார்த்தார்.

"இடது பக்கம் கொஞ்சம் நகருடா," என்றார். "டிவி மறைக்குது."

நகர்ந்தேன். இந்தத் தடவை பக்கம் தவறவில்லை.